கோல்ப் பயிலும் பிள்ளையும் கணக்கு நோட்டும்

நம் சங்கத்துக் குடும்பங்களில், பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்புடன் வேறொரு வித்தையையும் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் நெடுநாளாகவே உண்டு. வாய்ப்பாட்டு, மிருதங்கம், பரதம், சதுரங்கம், கிரிக்கெட் என்று அந்த வரிசை நீளும். அண்மைக் காலத்தில் அவ்வரிசையின் ஓரத்தில் கோல்ப் என்னும் ஆட்டமும் வந்து நின்றுகொண்டிருக்கிறது. “நமக்கும் கோல்புக்கும் என்ன சம்பந்தம்? அது சீமான்களின் பொழுதுபோக்கு அல்லவா?” என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தக் கல்கத்தா நகருக்கும் அவ்வாட்டத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. இங்குள்ள ராயல் கல்கத்தா கோல்ப் கிளப் 1829-இல் தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ப் சங்கங்களில் இதுவே மூத்தது.

சீமான்கள் ஆடினார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய மட்டைப் பையைச் சுமந்தவர்களும், புல் வெட்டியவர்களும், தொலைந்த பந்தைப் புதரில் தேடியவர்களும் ஏழை எளியவர்களே. பை சுமப்பவரை இவ்வாட்டத்தில் ‘கேடி’ என்பார்கள். நம் ஊர்ப் போலீஸ் நிலையத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு; வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை. டில்லியில் அவ்வாறு கேடியாக இருந்த அலி ஷேர் என்பவர் 1991-இல் இந்திய ஓபன் பந்தயத்தை வென்றார். 1993-இல் மீண்டும் வென்றார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009-இல் அதே பந்தயத்தை வென்றார். நம் கல்கத்தாவில் புல்தரையைப் பராமரித்த தொழிலாளி ஒருவரின் மகனாகிய எஸ்.எஸ்.பி. சௌராசியா 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் பந்தயத்தையும், 2016, 2017 ஆகிய ஈராண்டுகளில் தொடர்ந்து இந்திய ஓபனையும் வென்றார். ஆகவே இவ்வாட்டம் எளியவர் வீட்டுக் கதவைத் தட்டாத ஒன்று என்று சொல்லிவிட முடியாது. தட்டுகிறது, ஆனால் உள்ளே வந்தபின் பணத்தையும் காலத்தையும் தாராளமாகக் கேட்கிறது. நாம் எழுத எடுத்துக்கொண்டது அந்தப் பணமும் காலமும் பற்றியதே.

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஆசிரியர் பிள்ளையைப் பார்க்கிறார். மட்டையைப் பிடிக்கும் விதம், நிற்கும் விதம், தோளைத் திருப்பும் விதம் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார். எஞ்சிய ஆறு நாட்களும் பிள்ளையின் கையில் இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை ஆசிரியர் “அப்பியாசம் செய்தாயா?” என்று கேட்கிறார். “செய்தேன்” என்று பிள்ளை சொல்கிறான். அவன் பொய் சொல்கிறான் என்று நாம் சொல்லவில்லை. உண்மையிலேயே அவன் திடலுக்குப் போயிருப்பான். கை காய்த்துப் போகும்வரை அடித்தும் இருப்பான். ஆனால் எதை அடித்தான்? எவ்வளவு அடித்தான்? எது கைகூடிற்று? கிரிக்கெட்டில் பதினொருவர் கூடி ஆடுகிறார்கள். ஒருவன் வராவிட்டால் மற்றவருக்குத் தெரிந்துவிடும். பாட்டு என்றால் அடுக்களையில் இருக்கும் தாயின் காதிலாவது விழும். கோல்ப் பயிலும் பிள்ளையோ தனியே நிற்கிறான். சாட்சி யாருமில்லை. அந்தச் சாட்சியின் இடத்தில் ஒரு கணக்கு நோட்டை வைப்பது எப்படி, வைத்தால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையே நாம் கடந்த சில மாதங்களாக அருகிலிருந்து பார்த்து வருகிறோம். நம் தமக்கையின் மகன், பதினான்கு வயதுப் பையன், நகரின் தென்பகுதியில் உள்ள ஒரு பயிற்சித் திடலில் இந்த ஆட்டத்தைப் பயின்று வருகிறான்.

ஆட்டம் அறியாத அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். பதினெட்டுக் குழிகள் உள்ள ஒரு பெரிய புல்வெளி. ஒவ்வொரு குழியின் விட்டமும் 108 மில்லிமீட்டர். தொலைவில் ஓரிடத்தில் பந்தை வைத்து அடிக்கத் தொடங்கி, எத்தனை குறைந்த வீச்சுகளில் அதைக் குழிக்குள் சேர்க்கிறோம் என்பதே ஆட்டம். பையில் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். நெடுந்தூரம் அடிக்க ‘டிரைவர்’ என்னும் பெரிய தலை மட்டை. இடைத்தூரத்துக்கு இரும்பு மட்டைகள். குழியைச் சுற்றியுள்ள, ‘கிரீன்’ என்று பெயர் பெற்ற, ஒட்ட மழித்த புல்தரையில் பந்தை மெல்ல உருட்டிவிட வேறொரு மட்டை. கடைசியில் சொன்னதைக் கோல்ப்காரர்கள் ‘பட்டிங்’ என்பார்கள். நாம் உருட்டல் என்றே எழுதிச் செல்கிறோம். தமிழில் அடி என்றால் மட்டையால் அடிப்பதும் ஆகும், பன்னிரண்டு அங்குல நீளமும் ஆகும். குழப்பம் வராதிருக்க, அடி என்பதை நீளத்துக்கே வைத்துக்கொண்டு, அடிப்பதை வீச்சு என்கிறோம்.

இவ்வாட்டத்தில் கணக்குப் பிள்ளைகளாகிய நமக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. இருநூற்றைம்பது கஜம் பறந்து செல்லும் வீச்சும் ஒன்றுதான்; இரண்டடி தூரத்தில் உள்ள பந்தைக் குழிக்குள் தட்டிவிடும் வீச்சும் ஒன்றுதான். இரண்டும் கணக்கில் ஒரே எடை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், தம் தாயாரே மட்டைப் பையைச் சுமக்க, நான்கு நாள் ஆடி நான்காவது இடம் பெற்றார். மூன்றாம் இடத்திலிருந்து அவரைப் பிரித்தது ஒரே ஒரு வீச்சு. அவர் நெடுந்தூரம் அடிப்பவர்களில் ஒருவர் அல்லர். அவருடைய பலமெல்லாம் குழியருகே இருந்தது. தேசமே விடியற்காலையில் எழுந்து, தனக்கு விளங்காத ஓர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள் அது.

இனி நோட்டுக்கு வருவோம். எதை எழுதுவது என்பதுதான் முதற் சிக்கல். பழங்காலத்து ஆட்டக்காரர்கள் ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை உருட்டினோம் என்று எண்ணி வைப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் உருட்டல் தேறிவிட்டது என்று மகிழ்வார்கள். இது ஏமாற்றும் கணக்கு. ஒருவன் குழியிலிருந்து முப்பத்து மூன்று அடி தூரத்தில் பந்தை நிறுத்தி, இரண்டு உருட்டலில் முடிக்கிறான். மற்றவன் எட்டடி தூரத்தில் நிறுத்தி, அவனும் இரண்டு உருட்டலில் முடிக்கிறான். நோட்டில் இருவருக்கும் ‘2’ என்றே விழும். இருவரும் சமமா?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் நியூயார்க்கில் உள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்து வணிகப் பேராசிரியர் மார்க் பிராடி. அமெரிக்கத் தொழில்முறைப் பந்தயங்களில் ஒவ்வொரு வீச்சையும் அளந்து சேர்த்து வைத்த பெருங்கணக்கை அவர் எடுத்துக்கொண்டு, எந்தத் தூரத்திலிருந்து சராசரியாக எத்தனை வீச்சு ஆகிறது என்று பட்டியல் போட்டார். தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு முப்பத்து மூன்று அடியிலிருந்து ஏறத்தாழ 2 உருட்டல் ஆகிறது. எட்டடியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஆகிறது. ஆகவே முதலாமவன் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டாமவன் அரை வீச்சு நஷ்டப்பட்டான். எட்டடியிலிருந்து ஒரே உருட்டலில் முடித்திருந்தால் அரை வீச்சு லாபம். வரவு செலவுப் பேரேடு எழுதத் தெரிந்த எவருக்கும் இது சட்டென்று விளங்கும். 2011 முதல் அமெரிக்கப் பந்தயச் சங்கம் இந்த முறையை உருட்டலுக்கு ஏற்றுக்கொண்டு, பின்னர் மற்ற வீச்சுகளுக்கும் விரிவுபடுத்தியது.

அதே பட்டியல் நம் பிள்ளைகளுக்கு வேறொரு வகையிலும் ஆறுதல் தரும். உலகின் தலைசிறந்த அந்த ஆட்டக்காரர்களே ஐந்தடி தூரத்து உருட்டலில் நூற்றுக்கு ஏறத்தாழ 77 தான் உள்ளே தள்ளுகிறார்கள். எட்டடியில் பாதிக்குப் பாதி. பத்தடியில் நூற்றுக்கு 40. இருபதடியில் 15. தொலைக்காட்சியில் உள்ளே விழும் பந்துகளையே தேர்ந்தெடுத்துக் காட்டுகிறார்கள்; அதைப் பார்த்து வளர்ந்த பையன், தன் பத்தடிப் பந்து தவறியதற்காகத் தலையில் கைவைத்துக்கொள்கிறான். எண்ணைப் பார்த்தால் அவன் தலையிலிருந்து கை இறங்கும்.

நம் மருமகனின் ஆசிரியர் வங்காளி, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர், அதிகம் பேசாதவர். ராடார் கொண்டு பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் டென்மார்க் தேசத்து யந்திரங்கள் இன்று பெரிய திடல்களில் உள்ளன. கைத்தொலைபேசியிலேயே கணக்கு வைக்கும் வசதிகளும் வந்துவிட்டன. அவர் எதையும் கேட்கவில்லை. இருநூறு பக்க நோட்டு ஒன்றும் ஒரு பேனாவும் கொண்டுவரச் சொன்னார். முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம், நடப்பதை நடந்தபடியே எழுது என்றார். நோட்டின் வலப்பக்கம் ஆட்டத்துக்கு, இடப்பக்கம் அப்பியாசத்துக்கு.

மாத முடிவில் பையன் ஒன்பது குழி ஆட்டம் எட்டு ஆடியிருந்தான். ஆக 72 குழிகள். அவற்றில் 17 குழிகளில் மும்மூன்று தடவை உருட்டியிருந்தான். முப்பது கஜத்திலிருந்து அறுபது கஜத்துக்குள் அடித்த 31 பந்துகளில் 14 மட்டுமே கிரீனில் நின்றிருந்தன. ஒன்பது குழிக்குச் சராசரி 52 வீச்சுகள். இது வலப்பக்கம். இடப்பக்கத்தைத் திருப்பினோம். அந்த மாதத்தில் அவன் திடலில் வாங்கி அடித்தது 22 வாளிப் பந்து, வாளிக்கு ஐம்பது. அவற்றில் 18 வாளி, அதாவது 900 பந்துகள், டிரைவர் மட்டையால் அடித்தவை. உருட்டல் பழகிய நாட்கள் மூன்றே மூன்று.

இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்தபோது ஆசிரியர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பையனே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இந்தப் பக்கம் ஒரு பையன், அந்தப் பக்கம் வேறொரு பையன் போல இருக்கிறது மாமா” என்றான். நாம் அலுவலகத்தில் எத்தனையோ ஏடுகளைப் பார்த்திருக்கிறோம். வரவு ஏடும் செலவு ஏடும் ஒன்றையொன்று அறியாமல் வளர்வது உலக வழக்கம். இரண்டையும் ஒரே கட்டில் தைத்ததுதான் அந்த ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம்.

ஆனால் பையன் லேசுப்பட்டவன் அல்லன். பிராடியின் முடிவுகளைக் கைத்தொலைபேசியில் படித்துவிட்டு வந்து வாதாடினான். நல்ல ஆட்டக்காரனுக்கும் சாதாரண ஆட்டக்காரனுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் வீச்சுகளில்தான் உண்டாகிறது. உருட்டலும் சிறு வீச்சும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குதான் என்பது அப்பேராசிரியர் கண்ட முடிவு. குழியருகேதான் ஆட்டம் இருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தவர்களுக்கு அது பெரும் அதிர்ச்சியாக இருந்தது. “அப்படியிருக்க நான் நெடுவீச்சைப் பழகினால் என்ன தவறு?” என்பது பையனின் கட்சி.

ஆசிரியரின் பதில் நம் மனத்தில் நின்றுவிட்டது. “அது ஆயிரக்கணக்கானவர்களுடைய நோட்டு. இது உன் நோட்டு. உன் நெடுவீச்சு உன் வயதுக்கு நன்றாகவே இருக்கிறது. நீ எங்கே இழக்கிறாய் என்று இந்த நோட்டுச் சொல்கிறது” என்றார் அவர். பொதுவிதி பொய்யன்று, ஆனால் பொதுவிதியைக் கொண்டு ஒருவனுக்கு மருந்து கொடுக்க முடியாது.

இரண்டாம் மாதம் தொடங்கி, அப்பியாசமே ஒரு சோதனையாக மாறிற்று. ஐந்தடியிலிருந்து பத்து உருட்டல். எத்தனை உள்ளே சென்றன? முப்பதடியிலிருந்து பத்து உருட்டல். எத்தனை குழிக்கு மூன்றடிக்குள் நின்றன? முப்பது முதல் அறுபது கஜம் வரை வெவ்வேறு இடங்களிலிருந்து பத்து வீச்சு. எத்தனை பத்துத் தப்படிக்குள் நின்றன? மொத்தமும் முப்பது பந்து. முக்கால் மணி நேரத்தில் முடியும். அதன் பிறகு விருப்பம் போல் டிரைவரை எடுத்து அடித்துக்கொள்ளலாம். மணிக்கணக்கு எழுத வேண்டாம், எத்தனை பந்து அடித்தாய் என்றும் எழுத வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். இது நமக்கு மிகவும் பிடித்தது. வேலைக்கு வந்த நேரமும் போன நேரமும் எழுதும் ஏட்டுக்கும், செய்த வேலையை எழுதும் ஏட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அலுவலகங்களில் காலம் தள்ளும் நாம் அறியாதவர்களா?

இதில் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ஒரே இடத்திலிருந்து பத்துப் பந்தையும் உருட்டலாகாது. குழியைச் சுற்றி இடம் மாற்றி மாற்றி உருட்ட வேண்டும். இதற்குச் சாஸ்திர ஆதாரம் உண்டு. ஜான் ஷியா, ராபின் மார்கன் என்னும் இருவர் 1979-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், கையசைவு வேலைகள் சிலவற்றை இரு கூட்டத்தாருக்குக் கற்பித்தார்கள். ஒரு கூட்டம் ஒவ்வொன்றையும் தனித்தனியே திரும்பத் திரும்பச் செய்து முடித்தது. மற்றது எல்லாவற்றையும் கலந்து கலந்து செய்தது. பழகும் வேளையில் முதற் கூட்டமே சிறந்து விளங்கிற்று. நாள் கடந்து சோதித்தபோது கலந்து பழகியவர்களே முந்தினார்கள். ஒரே இடத்திலிருந்து உருட்டினால் நோட்டில் எண் அழகாக ஏறும், ஆட்டத்தில் இறங்கிவிடும்.

மற்றொரு நிபந்தனை, அப்பொழுதே எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதலாகாது. ரயில் நிலையங்களில் சமிக்ஞைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. வண்டிக்கு வழி கொடுத்த நேரம், வந்த நேரம், புறப்பட்ட நேரம் எல்லாவற்றையும் நிகழ்ந்த அக்கணமே அதில் எழுத வேண்டும். பிழையாக எழுதிவிட்டால் அழிக்கலாகாது. கோடிட்டு அடித்து, சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எழுதியதா, காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து இட்டு நிரப்பியதா என்பது பழகிய கண்ணுக்குப் பார்த்தவுடன் தெரியும். இதைப் பையனிடம் சொன்னோம். அவன் சிரித்துக்கொண்டான்.

சிரிப்பின் பொருள் மூன்று வாரம் கழித்து விளங்கிற்று. நம் அத்தான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர். பையனின் கோல்ப் பயிற்சி அவர் குடும்பத்தில் வீட்டு வாடகைக்கு அடுத்த பெரிய செலவு. மகன் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும். ஏப்ரல் மாதத்தில் ஆட்டத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவு செய்தாக வேண்டும். இந்த நிலையில் அவர் கையில் அந்த நோட்டுக் கிடைத்தது. நாள்தோறும் மாலையில் அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, “நோட்டை எடுத்து வா” என்பார். “நேற்று ஏழு, இன்று நான்கா? என்ன கவனம்?” என்பார். அதே திடலில் பயிலும் வேறொரு பையனின் எண்ணைக் கேட்டு வந்து ஒப்பிடுவார். நம் தமக்கை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கணக்கர் அல்லவா? எண்ணைக் கண்டால் விட மனம் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது நோட்டைப் புரட்டினோம். ஐந்தடி உருட்டல்: 7, 8, 8, 7, 8, 8, 7. ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே அமைதியில் எழுதிய எண்கள். நமக்கு அப்பொழுதே விஷயம் பிடிபட்டுவிட்டது. உண்மையான எண் இவ்வாறு அடக்க ஒடுக்கமாக இராது, துள்ளும். சரிபாதி வாய்ப்புள்ள ஒரு செயலைப் பத்துப் பத்துத் தடவையாகச் செய்து பாருங்கள். திறமை ஒரு கடுகளவும் மாறாமலே, நூறு நாளில் ஏறத்தாழ பதினொரு நாள் எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே விழும் அல்லது ஏழுக்கு மேலே போகும். நாணயத்தைச் சுண்டியே இதைச் சோதித்துக்கொள்ளலாம். ஆகவே நேற்று ஏழு, இன்று நான்கு என்பது கவனக்குறைவே அன்று. பத்துப் பந்தின் இயல்பு அது. அத்தான் அந்த இயல்பைக் குற்றமாக்கினார். பையன் குற்றமில்லாத எண்களை எழுதிக் கொடுத்தான்.

சார்ல்ஸ் குட்ஹார்ட் என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1975-இல் பணக்கொள்கை குறித்து எழுதும்போது, ஓர் அளவையைப் பிடித்து நாம் ஆளத் தொடங்கினால் அந்த அளவை தன் உண்மையை இழந்துவிடுகிறது என்னும் பொருள்பட ஒரு கருத்தைச் சொன்னார். அவர் சொன்னது பெரிய வங்கிகளுக்கு. அது ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில், பதினான்கு வயதுப் பையன் ஒருவனின் நோட்டிலும் நிற்கும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

அத்தானிடம் நாம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை பையனுடன் திடலுக்குச் சென்றோம். ஆசிரியர் நோட்டைப் பார்த்தார். கண்டிக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. பத்துப் பந்தை எடுத்துக் குழியைச் சுற்றி வைத்து, “உருட்டு” என்றார். ஐந்து உள்ளே சென்றன. அந்த 7, 8, 8-க்குக் கீழே தம் கையாலேயே 5 என்று எழுதித் தேதி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பையனுடைய முகம் சிவந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து, “ஐந்து நல்ல எண்தான். இங்கிருந்து தொடங்கலாம்” என்றார்.

பின்பு அவர் அத்தானை வரவழைத்துப் பேசினார். நோட்டு பையனுடையது, அதைப் பார்ப்பவர் ஆசிரியர் ஒருவரே, வாரத்துக்கு ஒரு முறைதான் பார்ப்பார் என்பது அவர் கட்சி. “பணம் கட்டுகிறவன் நான், எனக்குத் தெரிய வேண்டாமா?” என்பது அத்தான் கட்சி. இதில் நாம் ஆசிரியர் பக்கம் முழுவதும் சாயவில்லை. தகப்பனாருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. நாள்தோறும் முப்பது பந்தும் அடிக்கப்பட்டனவா என்பது அவர் அறிய வேண்டிய செய்தி. அது பையனின் கையில் இருக்கிறது. எத்தனை உள்ளே விழுந்தன என்பது அன்றன்று பையனின் கையில் கூட இல்லை. இதைச் சொல்லி நாம் ஓர் ஏற்பாட்டைக் கூறினோம். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில், அப்பியாசம் முடித்த நாளில் பையன் ஒரு கோடு போட வேண்டும். அதை வீட்டார் எல்லாரும் பார்க்கலாம். எண்கள் உள்ள நோட்டு ஆசிரியரிடம் மட்டும் போகும். மாதம் ஒரு முறை அவர் மொத்தக் கணக்கைப் பெற்றோருக்குச் சொல்வார். அத்தான் அரைமனத்துடன் ஒப்புக்கொண்டார். தமக்கை அன்று மாலை நமக்கு அடை வார்த்துப் போட்டாள்.

இந்த ஏற்பாட்டில் எட்டு வாரம் ஆயிற்று. நாட்காட்டியில் வாரத்துக்கு ஐந்து கோடு விழுகிறது, ஆறு அரிது. அதன் பின் ஆடிய எட்டு ஆட்டங்களில், அதே 72 குழிகளில், மும்முறை உருட்டியது 17-லிருந்து 9-ஆகக் குறைந்தது. ஒன்பது குழிச் சராசரி 52-லிருந்து 49-க்கு வந்தது. மூன்று வீச்சில் ஒன்று உருட்டலில் மிச்சமானது. மற்றவை பெரும்பாலும் ஐம்பது கஜப் பந்துகளில். ஐந்தடி உருட்டலில் எண்கள் இப்பொழுது 4, 7, 5, 9, 6 என்று நன்றாகத் துள்ளுகின்றன. அவற்றைத் தனித்தனியே பார்க்காமல் நான்கு வாரத்தைக் கூட்டிப் பார்த்தால் மெல்ல ஏறுவது தெரிகிறது. ஏப்ரல் முடிவு என்ன ஆகும் என்று நாம் ஜோசியம் சொல்லத் தயாராக இல்லை. ஆனால் அத்தான் இனி அந்த முடிவை எதை வைத்து எடுக்கப் போகிறார் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

கணக்கு வைக்கும் பெற்றோர்க்கு மேலும் ஒன்று. உலகப் பொது ஹேண்டிகேப் முறை 2020-இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவன் கடைசியாக ஆடிய இருபது ஆட்டங்களில் மிகச் சிறந்த எட்டின் சராசரியைக் கொண்டு அவன் திறத்தை அது மதிப்பிடுகிறது. ஆகவே அந்த எண் ஒருவன் நல்ல நாளில் எவ்வாறு ஆடுவான் என்பதையே காட்டும். வழக்கமாக எவ்வாறு ஆடுகிறான் என்பதை அன்று. “என் பிள்ளையின் ஹேண்டிகேப் இவ்வளவு, ஆனால் நேற்று இதைவிட மோசமாக ஆடினானே” என்று வருந்துகிறவர்கள் இதை நினைவில் கொள்ளலாம். இருபதில் பெரும்பாலானவை அந்த எண்ணைவிட மோசமாகத்தான் இருக்கும்.

கோல்ப் அல்லாத வித்தைகளுக்கும் இது பொருந்துமா என்று நம் சங்கத்து அன்பர் ஒருவர் கேட்டார். அவருடைய மகள் வீணை பயில்கிறாள். வீணையில் எண்ணத்தக்கவை சில உண்டு, எண்ணத்தகாதவை பல உண்டு. பந்து குழிக்குள் விழுந்ததா இல்லையா என்பதில் வழக்கே இல்லை; கமகம் விழுந்ததா என்பதில் இரண்டு வித்துவான்களே ஒத்துப்போக மாட்டார்கள். அங்கே நாட்காட்டிக் கோடு போதும் என்றே நாம் எண்ணுகிறோம்.

நோட்டுத் தொடங்க விரும்புகிறவர்கள் பருவத்தையும் கவனிக்க வேண்டும். கல்கத்தாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. நனைந்த புல்தரையில் பந்து மெதுவாக உருளும். தரையில் விழுந்த பந்தும் அதிகம் ஓடாது. டிசம்பர் மாதத்து உலர்ந்த தரையில் அடித்த எண்ணுடன் ஜூலை மாதத்து எண்ணை ஒப்பிட்டால் பிள்ளை பின்தங்கிவிட்டது போலத் தோன்றும். மழை தொடங்கும் நாளில் ஒரு கோடு கிழித்து, புதுப் பக்கத்தில் தொடங்குவது நல்லது. நோட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தனுப்புவதும் நல்லது. நம் மருமகனின் முதல் நோட்டில் இரண்டு பக்கம் கரைந்து போயிற்று.